நியூ ஆர்லியன்ஸில் ஒரு வடக்குச் சிப்பாய் சந்தித்த அடிமைகள்: அந்தக் கடிதங்களை எவ்வளவு நம்பலாம்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்கு மாநிலங்களும், பிரிந்து போக முயன்ற, அடிமை முறை கொண்ட தென் மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் வடக்குப் படை தெற்கின் நியூ ஆர்லியன்ஸ் நகரைப் பிடித்தபோது அங்கே இருந்த ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்திருக்கிறீர்கள். ஒரு கடிதத்தில், கரும்புத் தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஒருவருக்குத் தன் பங்கு ரொட்டியைக் கொடுத்ததாக எழுதுகிறார். சில நாள் கழித்து எழுதியதில், அப்படி வந்தவர்களை முகாமை விட்டு வெளியே அனுப்பியதாகச் சொல்கிறார், அதற்காகப் பெரிதாக வருந்தியதாகவும் தெரியவில்லை. இவர் நல்லவரா, இல்லை கதை விடுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். வடக்குப் படை வந்து இறங்கியதும் அந்த ஊர் அடிமைகளுக்கு உண்மையில் என்ன கிடைத்தது, அதை ஒரு சிப்பாயின் எழுத்தை வைத்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதுதான் நீங்கள் அறிய விரும்புவது என்று நினைக்கிறேன். அந்தப் போர்க்காலக் கடிதங்களையும் ராணுவ உத்தரவுகளையும் வைத்துப் பல வருடம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், உங்கள் சிப்பாய் இரண்டு கடிதத்திலும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார் என்று நம்பலாம், ஆனால் அவர் பார்த்தது அந்தச் சந்திப்பின் ஒரு பக்கத்தை மட்டும்.

அந்த ஊர் எப்படிப்பட்டது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1862 ஏப்ரல் 24 அதிகாலையில் வடக்குக் கடற்படைத் தளபதி ஃபரகட்டின் கப்பல்கள் மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த இரண்டு கோட்டைகளைத் தாண்டி வந்தன. மே 1-ஆம் தேதி ஜெனரல் பெஞ்சமின் பட்லரின் படை நகருக்குள் நுழைந்தது. பிரிந்து போன தென் மாநிலங்களிலேயே பெரிய நகரம் அதுதான், 1860 கணக்குப்படி 1,68,000-க்கு மேல் மக்கள். அதில் 13,000-க்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். அதோடு சுதந்திரமான கருப்பினத்தவர்களே 10,000-க்கு மேல் இருந்தார்கள், அவர்களில் கொத்தனார், தச்சர், சுருட்டு செய்பவர், வியாபாரி, ஏன், அடிமைகளை வைத்திருந்தவர்கள்கூட உண்டு. நாட்டிலேயே பெரிய அடிமைச் சந்தை அந்த நகரத்தில்தான் இருந்தது. மனிதர்களைப் பூட்டி வைத்து விற்ற கொட்டடிகளும், வியாபாரிகளின் பெயர்ப் பலகைகளும் நகரின் நடுவிலேயே இருந்தன. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், வெர்மான்ட், மெய்ன் போன்ற வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த பையன்களில் பலர் அதற்கு முன் கருப்பினத்தவர் ஒருவரோடு நாலு வார்த்தை பேசியதுகூட இல்லை. அவர்களுடைய முதல் மாதக் கடிதங்களில் ஒரு திகைப்பு இருக்கும், அது நடிப்பு இல்லை.

இனி, அந்தச் சிப்பாயின் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்று பார்ப்போம். 1862 வசந்த காலத்தில் வடக்கு அரசின் அறிவிக்கப்பட்ட நோக்கம் நாடு உடையாமல் காப்பது மட்டும்தான், அடிமை முறையை ஒழிப்பது அல்ல. ஒரு வருடத்துக்கு முன் வர்ஜீனியாவில் வடக்குப் படை வைத்திருந்த மன்றோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தபோது, இதே பட்லர்தான், ‘எதிரி இவர்களைப் போர் வேலைக்குப் பயன்படுத்துகிறான், ஆகவே இவர்கள் போரில் பறிமுதல் செய்யத்தக்க பொருள்’ என்று வக்கீல் மூளையோடு ஒரு வழி கண்டுபிடித்து, அவர்களைத் திருப்பிக் கொடுக்க மறுத்தார். (அவர் தொழிலே வக்கீல்தான்.) 1862 மார்ச் 13-ல் வந்த சட்டம், தப்பி வந்த அடிமைகளைப் பிடித்து எஜமானரிடம் ஒப்படைக்க ராணுவ அதிகாரிகள் தங்கள் படையைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் பதவி போகும் என்றது. இதைக் கவனமாகப் படியுங்கள். பிடித்துக் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது, முகாமுக்குள் சேர்த்தே ஆக வேண்டும் என்று இல்லை. இந்த இடைவெளிக்குள்தான் உங்கள் சிப்பாய் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ‘நான் யாரையும் ஒப்படைக்கவில்லை, வேலியைத் தாண்டி வெளியே விட்டேன், அவ்வளவுதான்’ என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. வேலிக்கு வெளியே எஜமானரின் ஆள் குதிரையோடு நின்றிருந்தால் அது சட்டத்தின் கணக்கில் வரவில்லை.

நியூ ஆர்லியன்ஸுக்கு வந்த பட்லர், மன்றோ கோட்டையில் இருந்த பட்லர் மாதிரி நடந்துகொள்ளவில்லை. இது ஆவணத்தில் தெளிவாக இருக்கிற விஷயம். நகரத்தில் பசி, சோற்றுக்கு வரிசை. தோட்ட முதலாளிகளில் ‘நாங்கள் வடக்கு அரசுக்கு விசுவாசமானவர்கள்’ என்று சத்தியம் செய்ய வந்தவர்களை அவர் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். மே மாதக் கடைசியில், வேலை இல்லாதவர்கள் யாராக இருந்தாலும், கருப்போ வெள்ளையோ, முகாம் எல்லைக்கு வெளியே அனுப்பச் சொல்லி உத்தரவு போனது. நகருக்கு மேற்கே, ஆற்றோரம் இருந்த கேம்ப் பாரபெட் என்ற முகாமின் தலைவர் ஜெனரல் ஜான் ஃபெல்ப்ஸ். வெர்மான்ட்காரர், அடிமை முறையை மனதார வெறுத்தவர். அவர் முகாமில் இடம் கிடைக்கும் என்ற செய்தி தோட்டங்களுக்குள் எப்படியோ பரவிவிட்டது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஒரு தோட்ட முதலாளி தன் அடிமைகளை மூட்டை முடிச்சோடு படகில் ஏற்றி, ‘இப்போது இங்கே ராஜா வடக்கத்தியான்தான், அவனிடமே போய் சோறு கேளுங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டதாக ஃபெல்ப்ஸ் ஜூன் மாதம் எழுதிய அறிக்கையில் வருகிறது. ஜூலைக் கடைசியில் ஃபெல்ப்ஸ் அவர்களில் உடல் வலிமை உள்ளவர்களைப் படைப்பிரிவுகளாகத் திரட்டி ஆயுதம் கேட்டார். பட்லரோ, அவர்களை மரம் வெட்டும் வேலைக்கு அனுப்பச் சொன்னார். அடிமைகளை வேலை வாங்கும் கங்காணியாக இருக்க எனக்கு விருப்பமில்லை என்ற பொருள்பட எழுதிவிட்டு ஃபெல்ப்ஸ் ராஜினாமா செய்தார்.

அதே ஜூன் மாதத்தில், ஆற்றில் மேலே பேட்டன் ரூஜ் என்ற ஊரில் இருந்த ஜெனரல் தாமஸ் வில்லியம்ஸ், தப்பி வந்தவர்கள் எல்லோரையும் எல்லைக்கு வெளியே அனுப்பச் சொன்னார். 4-ஆம் விஸ்கான்சின் ரெஜிமெண்டின் (படைப்பிரிவின்) கர்னல் ஹால்பர்ட் பெய்ன், மார்ச் மாதச் சட்டத்தைக் காட்டி, செய்ய முடியாது என்றார். அவரைக் கைது செய்து பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். ஆகவே ஒரே மாதத்தில், ஒரே ஆற்றங்கரையில், ஒரு முகாமில் சேர்த்துக்கொள்வதும் இன்னொரு முகாமில் விரட்டுவதும் நடந்திருக்கிறது. உங்கள் சிப்பாய் மனசு மாறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை, அவருடைய மேலதிகாரி மாறியிருந்தாலே போதும். மனசு மாறியதா என்பதைக் கடிதத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அவருக்குக் கீழ்ப்படிவதைத் தவிர வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. சிலர் தப்பி வந்தவர்களைக் கூடாரத்துக்குள் ஒளித்து வைத்தார்கள், காவலில் நின்றவர்கள் சிலர் வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். அதே சமயம், எஜமானர் கையில் வைத்த காசை வாங்கிக்கொண்டு ஆளைக் காட்டிக் கொடுத்தவர்களும் வடக்குப் படையில் இருந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் படையின் பக்கம். எனக்கு எப்போதும் உறுத்துவது இதுதான்: சிப்பாயின் கடிதத்தில் அந்த மனிதர் முகாம் வாசலில் திடீரென்று முளைக்கிறார், பசியோடு, கிழிந்த துணியோடு, யாரோ இரக்கப்பட வேண்டியவராக. அவர் அந்த வாசலுக்கு எப்படி வந்தார் என்பது கடிதத்தில் வருவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஆக்டேவ் ஜான்சன் என்பவரின் வாக்குமூலத்தைப் படிக்க வேண்டும். 1864-ல் அரசாங்க விசாரணைக் குழு ஒன்றிடம் அவர் சொன்னது இது. அவர் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர், பீப்பாய் செய்யும் தொழில் தெரிந்தவர். சவுக்கடிக்குத் தப்பி ஓடி, தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் நாலு மைல் தள்ளி இருந்த சதுப்புக் காட்டில் ஒன்றரை வருடம் வாழ்ந்திருக்கிறார். கடைசியில் அங்கே முப்பது பேர் ஆகிவிட்டார்கள், அவர்களில் பத்துப் பேர் பெண்கள். மரக்கட்டைகளின் மேல் படுத்து, கொசுவுக்காக சைப்ரஸ் இலையைப் புகையவிட்டுத் தூங்கினார்கள். தோட்டத்து மாடுகளைக் கயிறு போட்டு இழுத்து வந்து வெட்டி, அந்தக் கறியைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்து, பதிலுக்குச் சோள மாவு வாங்கினார்கள். தீப்பெட்டியும் அங்கிருந்துதான் வந்தது. வேட்டை நாய்களை வைத்திருந்தவன் மூன்று மாதம் தேடினான். ஒரு நாள் இருபது நாய்கள் துரத்தி வந்தபோது எட்டைக் கொன்றுவிட்டு எல்லோரும் கால்வாயில் குதித்தார்கள். பின்னால் குதித்த நாய்களில் ஆறை முதலைகள் பிடித்துக்கொண்டன. முதலைகளுக்கு மனிதக் கறியைவிட நாய்க் கறிதான் பிடித்திருந்தது என்று அவரே சொல்கிறார். அப்படி வந்து சேர்ந்த இடம்தான் கேம்ப் பாரபெட். முதலில் உணவுக் கிடங்கில் வேலை, பிறகு ஒரு கர்னலுக்குப் பணியாள், அதற்குப் பிறகு அதே கர்னலின் படையில் வீரர்.

இப்போது உங்கள் சிப்பாயின் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அவர் ரொட்டி கொடுத்த ஆள் இப்படி ஒருவராக இருந்திருக்கலாம். மாதக்கணக்கில் திட்டமிட்டு, தகவல் சேகரித்து, எந்த முகாமில் சேர்ப்பார்கள், எந்தத் தளபதி விரட்டுவார் என்று விசாரித்து வந்தவர். சிப்பாய் அவரை எடை போட்டது போலவே அவரும் சிப்பாயை எடை போட்டிருப்பார், அதுவும் பன்மடங்கு கவனத்தோடு, ஏனென்றால் தப்பாகக் கணித்தால் திரும்பிப் போக வேண்டியது சவுக்கடிக்கு. அதனால்தான், கடிதங்களில் ‘அவர் சொன்னார்’ என்று வருகிற பகுதிகளை நான் நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்வேன். தன் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவனிடம் ஒருவர் பேசும் பேச்சு அது. ‘எஜமானர் நல்லவர்தான்’ என்று சொல்லியிருந்தால், திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துச் சொல்லியிருக்கலாம். ‘உங்களுக்காகத்தான் வருடக்கணக்கில் ஜெபம் பண்ணினோம்’ என்று சொல்லியிருந்தால், அது முழு உண்மையாகவும் இருக்கலாம், கேட்பவனுக்குப் பிடிக்கும் என்று தெரிந்து சொன்னதாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

பேச்சை எழுதியிருக்கும் விதமும் சந்தேகத்துக்கு உரியது. அந்தக் காலத்தில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கருப்பினத்தவரைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகள் வடக்கு நகரங்களில் பெரிய கேளிக்கை. பையன்கள் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். கடிதத்தில் கருப்பினத்தவர் பேசுவதாக வரும் கொச்சையான ஆங்கிலம் பெரும்பாலும் அந்த மேடையிலிருந்து வந்தது. நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்திலோ, தோட்டத்து மக்களில் பலர் பேசியது கிரியோல் என்ற பிரெஞ்சு கலந்த மொழி. வெர்மான்ட் பண்ணைப் பையனுக்கு அது பாதிகூடப் புரிந்திருக்காது. ஆகவே தேதி, இடம், உத்தரவு, என்ன சாப்பிட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள், உடம்பில் என்ன காயம் இருந்தது என்று சிப்பாய் எழுதினால் பெரும்பாலும் நம்புங்கள், மற்றக் கடிதங்களோடும் ராணுவ ஏடுகளோடும் இவை ஒத்துப்போகின்றன. மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சையும், ‘இவர்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்று அவர் சொல்லும் பொதுக் கருத்தையும் அவரைப் பற்றிய சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் நடந்த சந்திப்புகள் வேறு மாதிரி. அங்கே சமையல்காரி, சலவை செய்பவர், வண்டிக்காரர், கூடையில் பண்டம் விற்பவர் என்று தினமும் பார்க்கிற முகங்கள். எந்த வீட்டில் ஆயுதம் புதைத்து வைத்திருக்கிறார்கள், யார் எதிரிக்குச் செய்தி அனுப்புகிறார் என்ற தகவல் வீட்டு வேலை செய்தவர்கள் வழியாகத்தான் பட்லரின் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. ராணுவ நீதிமன்றத்தில், லூசியானா சட்டம் தடுத்ததையும் மீறி, வெள்ளையருக்கு எதிராகக் கருப்பினத்தவர் சாட்சி சொல்ல முடிந்தது. இது சின்ன விஷயம் இல்லை. தலைமுறைகளாக எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாத ஒருவர், எஜமானருக்கு முன்னால் நின்று ‘இவர்தான் அடித்தார்’ என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள்.

கடிதங்கள் வாயே திறக்காத இடங்களும் உண்டு. அம்மாவுக்கோ மனைவிக்கோ எழுதும் ஒருவர், முகாமைச் சுற்றி இருந்த கருப்பினப் பெண்களுக்கு வீரர்கள் இழைத்த கொடுமையை எழுத மாட்டார். ராணுவ நீதிமன்ற ஏடுகளில் அது இருக்கிறது. அப்படி ஏடு ஏறியது நடந்ததில் ஒரு பகுதிதான் என்று வைத்துக்கொள்வது நியாயம். அதேபோல் திருட்டு. போருக்குப் பிறகு 1871-ல், தெற்கில் இருந்தும் வடக்கு அரசுக்கு விசுவாசமாக இருந்தவர்களிடம் வடக்குப் படை எடுத்துக்கொண்ட பொருளுக்கு ஈடு கொடுக்க ஓர் ஆணையம் அமைத்தார்கள். முன்னாள் அடிமைகள் பலர் அங்கே வந்து, தாங்கள் இரவில் உழைத்து வாங்கிய பன்றி, கோழி, குதிரையை வடக்குச் சிப்பாய்கள் கொண்டுபோனதை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார்கள். சிப்பாயின் கடிதத்தில் அது ‘இன்று நல்ல சாப்பாடு கிடைத்தது’ என்று முடிந்துவிடும்.

விடுதலை உடனே கிடைத்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை. பலர் அதிர்ச்சி அடையும் ஒன்றைச் சொல்கிறேன்: 1863 ஜனவரி 1-ல் ஜனாதிபதி லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தில் நியூ ஆர்லியன்ஸும், அதைச் சுற்றி வடக்குப் படையின் கையில் இருந்த லூசியானா மாவட்டங்களும் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருந்தன. பிரகடனம் முக்கியமாக எதிரியின் கையில் இருந்த இடங்களைக் குறிவைத்தது, படை ஏற்கெனவே பிடித்திருந்த இந்தப் பகுதிக்கு அது பொருந்தவில்லை. வடக்குக் கொடி பறந்த ஊரில் சட்டப்படி அடிமை முறை தொடர்ந்தது. பட்லருக்குப் பிறகு வந்த ஜெனரல் நதானியேல் பேங்க்ஸ், தோட்டங்கள் ஓடியாக வேண்டும் என்று ஒரு கூலி முறையைக் கொண்டுவந்தார். வருட ஒப்பந்தம், அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. 1864 பிப்ரவரியில் போட்ட உத்தரவில், தரத்துக்கு ஏற்ப மாதம் 3 டாலரிலிருந்து 8 டாலர் வரை கூலி, கோடையில் பத்து மணி நேரம், குளிர்காலத்தில் ஒன்பது மணி நேரம் வேலை, சவுக்கடி கூடாது என்று இருக்கிறது. சவுக்கை எடுத்தது பெரிய மாற்றம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சீட்டு இல்லாமல் தெருவில் நின்ற கருப்பினத்தவரைப் பிடித்துத் தோட்டத்துக்கு அனுப்பும் வேலையை இப்போது நீலச் சட்டை போட்ட வடக்குச் சிப்பாய் செய்தார். 1863-ல் எழுதிய கடிதம் ஏதாவது உங்களிடம் இருந்தால் இந்த வேலை பற்றி ஒரு வரியாவது வரும், தேடிப் பாருங்கள்.

அதே வருடங்களில் வேறொன்றும் நடந்தது. ஃபெல்ப்ஸுக்கு மறுத்ததை மூன்றே வாரத்தில் பட்லரே செய்தார், 1862 ஆகஸ்ட் 22-ல் கருப்பினத்தவரைப் படைக்கு அழைத்தார். செப்டம்பர் 27-ல் நேட்டிவ் கார்ட்ஸ் என்ற கருப்பினப் படையின் முதல் ரெஜிமெண்ட் பதிவானது. சுதந்திரமானவர்களுக்கு மட்டும் என்று பெயர், தோட்டத்திலிருந்து ஓடி வந்தவர்களும் நிறைய சேர்ந்தார்கள், யாரும் தோண்டித் துருவவில்லை. 1863 மே 27-ல் எதிரியின் கையில் இருந்த போர்ட் ஹட்சன் கோட்டையைத் தாக்கியபோது அந்த ரெஜிமெண்டின் கேப்டன் ஆந்த்ரே கயூ உயிர்விட்டார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்று, நியூ ஆர்லியன்ஸில் சுருட்டு செய்து பிழைத்தவர். ஜூலை 9-ல் கோட்டை விழும் வரை அவர் உடல் களத்திலேயே கிடந்தது. ஜூலை 29-ல் நகரத்தில் நடந்த இறுதி ஊர்வலத்துக்குக் கருப்பின மக்கள் பெரும் திரளாக வந்தார்கள். இந்தச் சண்டைக்கு முன்னும் பின்னும் வெள்ளைச் சிப்பாய்கள் எழுதிய கடிதங்களை அடுத்தடுத்துப் படித்தால் தொனி மாறுவது தெரிகிறது, கேலி குறைகிறது. சமமானவர்களாக நினைக்கத் தொடங்கினார்களா என்றால், சிலர் ஆம், பலர் இல்லை, சேர்த்துச் சொல்லும் அளவுக்கு நிச்சயம் கிடையாது. போர் முடிவதற்குள் லூசியானாவிலிருந்து மட்டும் 24,000 கருப்பின வீரர்கள் சேர்ந்தார்கள், வேறு எந்த மாநிலத்தையும்விட அதிகம். 1864 செப்டம்பரில் அந்த மாநிலத்தின் புதிய அரசியல் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. முகாம் வாசலுக்குத் தாங்களாகவே வந்து நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் இல்லாமல் இதில் எதுவும் இந்த வேகத்தில் நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

முதுகு முழுக்கச் சவுக்குத் தழும்போடு ஒருவர் உட்கார்ந்திருக்கும் படம் உங்கள் கண்ணில் பட்டிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். 1863 வசந்தத்தில் பேட்டன் ரூஜ் முகாமில் எடுத்தது, தழும்புகள் உண்மை, இதில் ஐயம் இல்லை. ஆனால் அதே வருட ஜூலையில் ஒரு வாரப் பத்திரிகை அவரை கோர்டன் என்று சொல்லி, மூன்று படங்களாக, ஓடி வந்தவர், தழும்போடு இருப்பவர், சீருடை அணிந்தவர் என்று வெளியிட்ட கதை அப்படியே ஒரே மனிதருடையதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, பீட்டர் என்ற பெயரும் வருகிறது.

உங்கள் கடிதங்களுக்கு வருவோம். இரண்டின் தேதியையும், சிப்பாயின் ரெஜிமெண்டையும், எந்த முகாமிலிருந்து எழுதினார் என்பதையும் இங்கே போடுங்கள். முதல் கடிதம் 1862 மே மாத உத்தரவுக்கு முன்னால், இரண்டாவது பின்னால் என்றால் விஷயம் பெரும்பாலும் தெளிவாகிவிடும். கேம்ப் பாரபெட்டிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றப்பட்டவர் என்றாலும் அப்படித்தான். இரண்டும் ஒரே தளபதிக்குக் கீழ், ஒரே உத்தரவு அமலில் இருந்தபோது எழுதியவை என்றால்தான் அந்த மனிதரின் மனசைப் பற்றி நாம் பேச வேண்டி வரும்.